கழுத்தில் கோடு, கண்ணில் வீக்கம்: விஷ வண்டு பட்டால் என்ன செய்வது?

பூச்சி இன்னும் உடம்பின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தால் படிப்பதை நிறுத்துங்கள். அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஊதி விடுங்கள். போகவில்லையா, ஒரு காகிதத்தை அதன் முன்னால் வையுங்கள். ஏறியதும் வெளியே தட்டிவிடுங்கள். அது ஊர்ந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

முடியாமல் போனவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

டெல்டாவில் குறுவை அறுக்கும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பாவும் தாளடியும் அறுக்கும் தை, மாசியிலும் மருந்துக் கடைக்கு ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். கழுத்தில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, "ஏதோ பூச்சி கடிச்சிருச்சு, ஆயின்மென்ட் குடுங்க" என்பார்கள். கடித்திருக்காது. தூக்கத்தில் கழுத்தில் ஏதோ ஊர்ந்திருக்கும், கை தானாகப் போய் நசுக்கியிருக்கும். விஷம் அதன் வாயிலும் இல்லை, கொடுக்கிலும் இல்லை; உடம்புக்குள் ஓடும் நீரில் இருக்கிறது. நசுக்கினால்தான் வெளியே வரும்.

இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பேடரஸ் என்ற வண்டு. செய்திகளில் 'நைரோபி ஈ' என்று வந்தது இதுதான், ஆனால் ஈ இல்லை. நீளம் ஏழிலிருந்து பத்து மில்லிமீட்டர், அதாவது ஒரு நெல்மணி அளவு. ஆனால் அதைவிட ஒல்லி. தலை கறுப்பு, அடுத்த துண்டு ஆரஞ்சு, அதற்கடுத்து நீலமோ பச்சையோ மின்னும் கறுப்பு, மறுபடி ஆரஞ்சு, நுனி கறுப்பு. இறக்கை குட்டையான மூடிக்குள் மடிந்திருப்பதால் பார்த்தவுடன் எறும்பு என்றே நினைப்போம். ஓட்டம் வேகம். தொட்டால் பின்பக்கத்தை மேலே வளைத்துத் தூக்கும். தேள் குஞ்சு என்று பயந்தவர்களும் உண்டு. இதன் விஷத்துக்குப் பெடரின் என்று பெயர். அதைத் தயாரிப்பதுகூட வண்டு இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. செத்துக் காய்ந்த வண்டிலும் விஷம் மிச்சமிருக்கும் என்பதால், ஜன்னல் திட்டில் கிடப்பதை வெறுங்கையால் கூட்டி அள்ள வேண்டாம்.

இன்னொரு வண்டும் உண்டு, பகலில் படுவது. அதைப் பிறகு பார்க்கலாம்.

கழுத்திலோ கன்னத்திலோ முதுகிலோ சிவப்பாக ஒரு கோடு, எரிச்சல்

பேடரஸ் பட்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நசுக்கிய கை இழுத்த பாதைதான் அந்தக் கோடு. சில நேரம் சாட்டையால் அடித்தது போலவே இருக்கும். பிள்ளையின் கன்னத்தில் இப்படி ஒரு கோட்டைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்குக் கிளம்புவதற்கு முன்னால், முந்தின நாள் இரவு எங்கே படுத்தான், விளக்கு எரிந்ததா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இதில் ஆளைக் குழப்புவது நேரம்தான். விஷம் பட்டவுடன் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் கழித்தோ, ஒரு நாள் கழித்தோ, சிலருக்கு ஒன்றரை நாள் கழித்தோதான் எரிய ஆரம்பிக்கும். அதனால் எரிச்சல் வந்த நேரத்தில் கையில் இருந்த பொருளின் மேல் பழி விழும்: புதுச் சட்டை, புதுச் சோப்பு, மதியம் சாப்பிட்ட கருவாடு. வியாழன் காலை எரிய ஆரம்பித்ததா? புதன் பகல் முழுவதையும், செவ்வாய் இரவையும் நினைத்துப் பாருங்கள். வாசலில் படுத்தீர்களா, வயல் ஓரமாக இருட்டில் வண்டியில் வந்தீர்களா, ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?

முதல் இரண்டு நாள் சிவப்பும் எரிச்சலும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரும். நடுவில் சீழ் மாதிரி மஞ்சளாகத் தெரியும். இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து ஆன்டிபயாட்டிக் கேட்டு வருகிறார்கள். மஞ்சளாக இருப்பதாலேயே கிருமி என்று அர்த்தமில்லை, விஷத்தின் வேலையே அப்படித்தான். பிறகு பொருக்குத் தட்டி உதிரும். ஒரு வாரம் பத்து நாளில் ஆறும், ஆழமாகப் பட்டிருந்தால் மூன்று வாரம் வரை இழுக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்காமல். ஒரு நாள் கழித்துத்தான் தெரிந்தது என்றாலும் கழுவுங்கள்; கை, நகக்கண்ணையும் சேர்த்து. முந்தின இரவு போட்ட சட்டை, படுத்த போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் துவைக்கப் போடுங்கள், இல்லாவிட்டால் அதே விஷம் அடுத்த இடத்தில் படும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் போட்டு எடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு தடவை. மேலே காலமைன் லோஷன் போடலாம். எரிச்சல் தூங்க விடவில்லை, இடம் பெரியது என்றால் மருத்துவரைப் பாருங்கள். சில நாளைக்கு மட்டும் தடவ ஸ்டீராய்டு கிரீம் எழுதித் தருவார், அது நன்றாகவே கேட்கும்.

அதே ஸ்டீராய்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று என்று மூன்று நான்கு மருந்தைக் கலந்த கிரீம்கள் கேட்டாலே கிடைக்கின்றன. கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பது கடைக்காரருக்கும் சுலபம். அவற்றில் பலவற்றில் இருப்பது மிக வீரியமான ஸ்டீராய்டு. முகத்தில் அதை இஷ்டத்துக்குத் தடவினால் தோல் மெலிந்துபோகும். வண்டுப்புண் ஆறிய பிறகும் அந்த வினை நிற்கும்.

சுண்ணாம்பு, பேஸ்ட், மண்ணெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே வெந்த தோல் அது. கொப்புளத்தை ஊசியால் குத்தவும் வேண்டாம்.

மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் புண்

முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், அக்குள், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு. ஒரு பக்கம் பட்ட விஷம், மடக்கும்போது எதிர்ப் பக்கத்திலும் அச்சாகிவிடுகிறது. கையை மடக்கிப் பாருங்கள். இரண்டு புண்ணும் சரியாக ஒட்டி உட்கார்ந்தால் சந்தேகமே வேண்டாம், வண்டுதான். மருத்துவம் மேலே சொன்னதுதான். மடிப்பில் வியர்வை தங்காமல் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் ஆறும்.

"அக்கி மாதிரி இருக்கு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள்

நம் பக்கத்தில் கொப்புளம் கூட்டமாக வந்தாலே அக்கிதான். உடனே மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய், காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். வண்டுப்புண்ணாக இருந்தால் எழுதியதும் ஒரு வாரத்தில் ஆறிவிடும், எழுதாவிட்டாலும் ஆறியிருக்கும். அதனால் எழுதியவருக்குப் பெயர், எழுதிக்கொண்டவருக்கு நிம்மதி. உடைந்த கொப்புளத்தின் மேல் காவி போடாதவரை இதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

நஷ்டம் வருவது உண்மையிலேயே அக்கியாக இருக்கும்போது. அக்கி என்பது எப்போதோ வந்து போன சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவது. அதற்கு மாத்திரை இருக்கிறது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். காவி காயட்டும் என்று நான்கு நாள் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். வயதானவர்களுக்குப் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்கும்.

பிரித்தறிவது எப்படி? அக்கியில் பெரும்பாலும் முதலில் வலி வரும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கொப்புளம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், முதுகிலிருந்து விலா வழியாக மார்புக்குப் பட்டையாக வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. வண்டுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. கை இழுத்த பக்கம் போகும், கழுத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும் தாண்டும். பெரும்பாலும் துணி மூடாத இடத்தில்தான் இருக்கும். சிலருக்குப் பனியன் கழுத்து எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே வெட்டினது போல நின்றிருக்கும். முன்கூட்டிய வலியும் இருக்காது. இவ்வளவு பார்த்தும் சந்தேகம் என்றால், ஐம்பது வயதைத் தாண்டியவராகவோ சர்க்கரை உள்ளவராகவோ இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் இருந்தால் வயது பார்க்க வேண்டாம், உடனே போங்கள். அந்த நரம்பு கண்ணுக்கும் போகிறது.

ஒரு கண் மட்டும் வீங்கி மூடிக்கொண்டது

பூச்சி நேராகக் கண்ணில் விழுவது குறைவு. கழுத்தில் நசுக்கிய கையாலேயே கண்ணைக் கசக்குவதுதான் அதிகம். உள்ளங்கைத் தோல் தடிமனானது என்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. அதே விரல் இமையில் பட்டால் காலையில் கண் திறக்காது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு நைரோபி கண் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கண்ணில் ஏதோ பட்டது, கை பட்டது என்று தெரிந்த உடனே சுத்தமான தண்ணீரால் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்ற வேண்டும். கழுவிய தண்ணீர் அடுத்த கண்ணுக்குப் போகக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டு எடுத்துவிடுங்கள்.

இமை மட்டும் வீங்கி, பார்வை தெளிவாக இருந்தால் குளிர்ந்த துணி போட்டுக்கொண்டு, அன்றோ மறுநாளோ கண் மருத்துவரைப் பார்க்கலாம். பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, கண்ணுக்குள் மணல் உறுத்துவது போல வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி – இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டை சாறு பிழிவது, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை ஊற்றுவது மூன்றும் கூடாது. பழைய பாட்டிலில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் இருப்பது வைரஸ் புண்ணாக இருந்துவிட்டால் பார்வையே போகலாம்.

வீட்டில் ஒருவர் பின் ஒருவராக வருகிறது

ஒட்டுவார் ஒட்டி இல்லை. கொப்புள நீர் பட்டு அடுத்தவருக்கு வராது. எல்லோரும் ஒரே விளக்கின் கீழ் படுக்கிறீர்கள், அவ்வளவுதான். விடுதிகளில் இது ஒரேயடியாக வருவதும் அதனால்தான். 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேருக்கு வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்க வேண்டியதில்லை. பாயையும் போர்வையையும் துவைத்தால் போதும்.

ஆண்களுக்கு அடிவயிற்றிலும் பிறப்புறுப்பிலும் வருவது உண்டு. கை கொண்டுபோனதுதான். வெட்கப்பட்டுக்கொண்டு கண்ட களிம்பைத் தடவாமல் மருத்துவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

பகலில் கொல்லையில் வேலை செய்தேன், சாயங்காலம் பெரிய நீர்க்கொப்புளம்

இதுதான் அந்த இன்னொரு வண்டு, கொப்புள வண்டு. இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை. ஒளியாது, ஓடாது, பூவின் மேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கும். சம்பா அறுத்த வயலில் போட்ட உளுந்தும் பயறும் பூக்கும் நேரத்தில் பார்க்கலாம். வெண்டை, துவரை, செம்பருத்திப் பூவிலும் இருக்கும்.

பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சளாக ஒரு நீரைக் கசிய விடும். அதில் இருப்பது கேந்தரிடின். பேடரஸ் போல ஒரு நாள் காக்க வைக்காது, சில மணி நேரத்திலேயே கொப்புளம் எழும். பெரிதாக, தண்ணீர் நிறைந்து விண்ணென்று நிற்கும், சுற்றிலும் சிவப்பு குறைவு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் எரிச்சல் அந்த அளவுக்கு இருக்காது, தழும்பும் பெரும்பாலும் விழாது. சோப்புப் போட்டுக் கழுவி, கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி வையுங்கள். தோல்தான் அதற்கு நல்ல கட்டு. இதே கேந்தரிடினை அளந்து தொட்டு, குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வைரஸ் மருவைக் கொப்புளமாக்கி உதிர்க்கும் மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கொடுத்தார்கள்.

வயிற்றுக்குள் போனால் கதை வேறு. குழந்தை அந்த வண்டை வாயில் போட்டுவிட்டால், சின்னத் துண்டாக இருந்தாலும், வாந்தி எடுக்க வைக்க முயலாமல் 108-க்கு அழையுங்கள். வாயும் குடலும் வெந்து, சிறுநீரகம் வரை அடிபடும். ஆடு மாடுக்கும் ஆகாது. பூச்சி மொய்த்த செடியை அப்படியே அறுத்துப் போடாமல் உதறிவிட்டுப் போடுங்கள்.

எரிச்சல் இல்லை, அரிப்பும் தடிப்பும்தான்

வண்டு இல்லை. மழைக்காலத்தில் முருங்கை மரத்தடியில் நின்றிருந்தால் கம்பளிப்பூச்சி. மயிர் தோலில் குத்தி நிற்கும். சொறிந்தால் இன்னும் உள்ளே போகும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்துவிட்டு, அப்புறம் கழுவுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ மருத்துவமனைக்கு.

ஒரு வாரமாகியும் அடங்கவில்லை

ஐந்தாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடுகிறது, காய்ச்சல், தேன் நிறத்தில் பொருக்கு, நாற்றம், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது என்றால் இப்போது கிருமி சேர்ந்துவிட்டது. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் இடம் இதுதான். சர்க்கரை உள்ளவர்கள் இவ்வளவு தூரம் வர விடக் கூடாது.

புண் ஆறிவிட்டது, கறுப்புத் தழும்புதான் போகவில்லை என்றால் பொறுத்திருங்கள். நம் தோல் நிறத்துக்கு அது சில மாதம் நிற்கும், தானாக மங்கும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும் என்பதால் துண்டால் மறைத்துக்கொள்ளுங்கள். வெளுக்கும் கிரீம் வேண்டாம்.

ஆறினது, மறுபடி வந்தது

அப்படியென்றால் மருந்தை விட்டுவிட்டு விளக்கைப் பாருங்கள்.

பேடரஸ் ஈரமான வயலிலும் வரப்பிலும் வாழ்வது. அறுத்துத் தண்ணீர் வடிந்ததும் அதற்கு இடம் போய்விடுகிறது. கிளம்பி விளக்கு வெளிச்சத்துக்கு வருகிறது. வெள்ளை வெளிச்சத்துக்கு அதிகம், மஞ்சளுக்குக் குறைவு. வாசல் விளக்கை மஞ்சள் பல்பாக மாற்றுங்கள். பொழுது சாயும் நேரத்தில் வயல் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போடுங்கள். கட்டிலும் பாயும் விளக்குக்கு நேர் கீழே வேண்டாம். கொசுவலைக்குள் படுத்தால் நல்லது, படுப்பதற்கு முன் தலையணையை ஒரு தடவை உதறிவிடுங்கள்.

வீட்டில் இதெல்லாம் செய்துவிடலாம். நெல் கொள்முதல் நிலையத்தில் முடியாது. சாக்குக்காகவும் எடைக்காகவும் காத்திருந்து, நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே படுதாவை விரித்துப் படுக்கிறவர்களின் தலைக்கு மேல்தான் விடிய விடிய வெள்ளை விளக்கு எரிகிறது. சுற்றிலும் புதிதாக அறுத்த வயல். இதைவிடப் பொருத்தமாக ஒரு பொறியை அந்தப் பூச்சிக்கு, இல்லை, நமக்கு யாராலும் வைக்க முடியாது. விளக்கைப் படுக்கிற இடத்திலிருந்து தள்ளி ஒரு கம்பத்தில் கட்டினாலே பாதிப் பிரச்சினை குறையும். அதை நிலையத்தில் கேளுங்கள். அதுவரை முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு. இரவு அறுப்புக்குப் போகிற அறுவடை வண்டிக்காரர்களுக்கும் இதே கதைதான், முகப்பு விளக்குக்கு முன்னால் நிற்பவர்களுக்கு இன்னும் கூடுதல். இருட்டும் நேரத்தில் பைக்கில் வருகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

வயலுக்கு மருந்தடித்துப் பேடரஸை ஒழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் தத்துப்பூச்சியையும் தின்று பயிரைக் காப்பாற்றுவது அதுதான். அதைக் கொன்றால் புகையானுக்குக் கொண்டாட்டம், அப்புறம் அதற்குத் தனியாக மருந்து வாங்க வேண்டும்.

வயலில் விளக்குப்பொறி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியோடு பேடரஸும் அந்தத் தட்டில் விழும். காலையில் கையுறை போட்டு, இல்லாவிட்டால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொண்டு காலி செய்யுங்கள். தட்டைக் கழுவிய தண்ணீரை, பிள்ளைகள் நடக்கும் வரப்பில் ஊற்ற வேண்டாம்.